உப்புக் காற்றுக்கு ஒரு மதர்போட்

யாழ்ப்பாணக் குருநகரில் வேலைக்கென்று ஒரு கொம்பியூட்டரைத் தாங்களே பூட்டிக்கொள்ள நினைக்கும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். கணக்கு எழுதுகிறவர்கள், கலியாண வீடியோ எடிட் செய்கிறவர்கள், வெளிநாட்டு அலுவலகங்களுக்குக் கட்டட வரைபடம் கீறுகிறவர்கள். புரொசசர் எது, கிராபிக்ஸ் கார்ட் எது என்று மாதக்கணக்கில் தேடிப் படித்துவிட்டு வருகிறார்கள். மிஞ்சிய காசுக்குத்தான் மதர்போட். அந்த வரிசையை மாற்றச் சொல்லத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

றாம் பழுதானால் கழற்றிவிட்டு வேறொன்றைக் கொளுவலாம். ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை எல்லாமே அப்படித்தான். போட் போனால் முழு மெசினையும் பிரிக்க வேண்டும். நாலைந்து வருடம் கழித்துப் போனதென்றால் அந்தப் புரொசசருக்குப் பொருந்துகிற புதுப் போட் கடையில் கிடைப்பது அரிது. வாரண்டிக்கு அனுப்பலாம். ஆனால் கொழும்பு இங்கிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். போய்த் திரும்பி வரும்வரை வேலை இல்லை, வேலை இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. போதாததற்கு, அரிப்போ எரிந்த தடமோ இருந்தால் வாரண்டி செல்லாது என்ற வரி பெரும்பாலான வாரண்டி அட்டைகளில் சின்ன எழுத்தில் இருக்கும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அந்த வரிதான் முக்கியம்.

சோளகம் தொடங்கினால் கடல்நீரேரியைத் தாண்டி வருகிற காற்று நேரே குருநகருக்குள்தான் நுழைகிறது. யன்னல் கம்பி, சைக்கிள் செயின், கூரைத் தகரம் என்று எல்லாவற்றிலும் அது வேலையைக் காட்டும். கடலால் வந்தவுடன் படகு எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே காற்றைத்தான் கேசிங்கில் இருக்கும் விசிறிகள் நாள் முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டிருக்கின்றன என்பது ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

டவுனில் மெசின் திருத்துகிற ஒரு தம்பி, கடற்கரை வீதிப் பக்கத்திலிருந்து வந்த போட் ஒன்றைக் காட்டினார். வாங்கி அதிக காலம் ஆகாத போட். முன்பக்கம் பார்க்கப் புதிது போலவே இருந்தது. பின்புறம் யூ.எஸ்.பி. வயர் குத்துகிற தகரக் கூடுகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. லென்சை வைத்துப் பார்த்தால், ஒலிக்கான சிப்பின் கால்களுக்கிடையில் வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்கு. அதற்குப் பக்கத்தில் தலைமயிர் அளவு செப்புக் கோடு ஒன்று அரித்து அறுந்திருந்தது. "உப்புத் திண்ட போட், அண்ணை. கழுவிப் பார்த்தன், எழும்பேல்லை" என்றார்.

இது நடக்கும் விதம் விளங்கினால் பாதிப் பாதுகாப்பு கிடைத்த மாதிரி. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மாரியில் அடுப்படி உப்புப் போத்தல் கசிவது இதனால்தான். கடலுப்பில் கலந்திருக்கிற மக்னீசியம் குளோரைட் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நீரைப் பிடித்துவிடும். போட்டில் படிந்த உப்புத்தூள் இப்படி ஈரமானால் மின்சாரம் கடத்தும். மெசினை நிறுத்திவிட்டாலும், பிளக்கில் இருக்கும் வரை போட்டின் சில பகுதிகளுக்கு 5 வோல்ற் போய்க்கொண்டே இருக்கிறது. ஈர உப்பும் மின்னழுத்தமும் சேர்ந்தால் செம்பு கரையும். ஓடிக்கொண்டிருக்கிற மெசின் தன் சூட்டிலேயே ஓரளவு காய்ந்திருக்கும். நாட்கணக்கில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றாமல் விட்ட மெசின்தான் முதலில் பலியாகிறது. அதனால் வேலை முடிந்தால் சுவர்ச் சுவிட்சையும் நிறுத்துங்கள். கேசிங்கை யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். உள்ளே காற்றுத் தள்ளும் விசிறிகளுக்கு வடிகட்டித் துணி போட்டு, வெளியே தள்ளும் விசிறிகளைவிட அவற்றைக் கூடுதலாக வையுங்கள். அப்போது இடுக்குகள் வழியாக வடிகட்டாத காற்று உள்ளே வராது. வார்னிஷ் பூசினால் சரி என்று சிலர் சொல்கிறார்கள். வீட்டில் அதைச் செய்யாதீர்கள். றாம் கொளுவுகிற இடுக்குக்குள் ஒரு துளி போனாலும் அந்தப் போட் அத்தோடு சரி.

இனி எந்தப் போட் என்பது. விளக்குகள் மின்னுவதும் விளையாட்டுக்காரர்களுக்கான பெயரும் விலையைக் கூட்டுமே தவிர ஆயுளைக் கூட்டாது. பார்க்க வேண்டியது புரொசசருக்குப் பக்கத்தில் இருக்கும் மின்மாற்றுப் பகுதியை. பவர் சப்ளை தருகிற 12 வோல்ற்றைப் புரொசசருக்கு வேண்டிய ஒன்றேகால் வோல்ற் அளவுக்கு இறக்குவது அதுதான். ஏ.சி. இல்லாத அறையில், சித்திரை வெயிலில், நாள் முழுக்க வரைபடம் ஓடினால் அந்தப் பகுதி கொதிக்கும். அதன் மேல் கனமான அலுமினியக் கட்டி இருக்க வேண்டும். மலிவான போட்களில் அந்த இடம் மொட்டையாக இருக்கும். நீர்மம் அடைத்த மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 பாகை குறையும் ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியியலாளர்களின் பழைய கணக்கு. 2000களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க மதர்போட்கள் மின்தேக்கி வீங்கிச் செத்ததை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உள்ளே இருந்த கலவை பிழைத்ததுதான் காரணம். இன்றைய நல்ல போட்களில் திண்ம மின்தேக்கிகளே வருகின்றன, ஆனாலும் சூடு எதற்கும் நல்லதல்ல.

அடுத்தது புரொசசரைப் பூட்டுகிற சொக்கெற். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. உதிரிப்பாகம் எளிதில் கிடைக்காத ஊருக்கு, நீண்ட காலம் மாறாமல் இருக்கும் சொக்கெற்தான் வேண்டும். ஏ.எம்.டி.யின் ஏ.எம். 4 சொக்கெற் 2016 இல் வந்தது. 2017 இல் வாங்கிய போட்கள் பல, 2022 இல் வெளியான புதுப் பயோசை, அதாவது போட்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருளை, ஏற்றிய பிறகு ரைசன் 5000 வரிசைப் புரொசசரையும் ஏற்றுக்கொண்டன. போட்டை மாற்றாமலே மெசினுக்கு இரண்டாவது ஆயுள். அதே 2017 இல் இன்ரெல் எட்டாம் தலைமுறையைக் கொண்டுவந்தபோது ஊசி எண்ணிக்கை பழைய 1151 தான், ஆனாலும் பழைய போட்களில் அது ஓடவில்லை. இன்ரெல்லின் 1700 சொக்கெற் 2021 இல் வந்தது, 2024 இல் 1851 வந்துவிட்டது. ஏ.எம். 5 வந்தது 2022 இல். 2027 வரைக்கும் அதற்கு அப்பாலும் அதற்குப் புரொசசர் தருவோம் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது. இன்ரெல் புரொசசர்கள் வேலைக்கு நல்லவைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்தாறு வருடம் கழித்து ஒரு புரொசசரை மட்டும் மாற்றிச் சமாளிக்க நினைப்பவருக்கு ஏ.எம். 5 தான் என் சொல்.

எங்கள் பக்கத்துக்கென்றே இன்னொன்று சொல்ல வேண்டும். இங்கே கடைகளில் சரக்கு நீண்ட நாள் கிடக்கும். பழைய பயோசோடு கிடந்த போட்டில் புதுப் புரொசசரைப் பூட்டினால் திரை எழும்பாது, போட் பழுதென்று நினைத்து அலைவீர்கள். புரொசசர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயோசைப் புதுப்பிக்கிற பொத்தான் சில போட்களின் பின்புறத்தில் இருக்கும். அது இருக்கிற போட்டையே கேட்டு வாங்குங்கள். றாமுக்கு நாலு இடம் இருந்தாலும் இரண்டு துண்டாகவே வாங்குங்கள். ஏ.எம். 5 இல் நாலும் நிரம்பினால் டி.டி.ஆர். 5 றாமின் வேகம் வெகுவாக இறங்கும். ரைசன் 7000 வரிசைக்கு நிறுவனம் உறுதி சொல்வது அப்போது 3600 மட்டுமே.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1990 இல் போரால் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபோது, பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். பொருளாதார நெருக்கடி வந்த 2022 இல், மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. உழைக்கிற மெசின் அந்த மாதங்களில் செத்திருந்தால் அதே போட்டை ஏறக்குறைய இரட்டிப்பு விலைக்கு வாங்க வேண்டி வந்திருக்கும். அதனால்தான் போட்டின் ஆயுளைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறேன். கரண்ட் போவதைவிடத் திரும்பி வரும் கணம் மோசம். வோல்ற்றைச் சீராக்கும் யூ.பி.எஸ். ஒன்று கட்டாயம். அதற்கும் முதல், சுவர்ப் பிளக்கில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று ஒரு மின்னியலாளரை வைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டைப் பிளக் இருக்கும், எர்த் வயர் இருக்காது.

தேவாலயத்துக்குக் கிட்ட இருக்கும் என் மருமகள், கட்டட வரைபடம் கீறுகிறவள், போன மாதம் கேட்டாள்: "மாமா, லைற் எரியிற அந்தப் பெரிய போட்டை வாங்கட்டே? பாக்க வடிவாயிருக்கு." அதன் விலையையும் விளக்கில்லாத ஒரு போட்டின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். கடைசியில் 24.4 சென்ரிமீற்றர் சதுரப் போட் ஒன்றைத் தெரிந்தோம். பி 650 சிப்செற், மின்மாற்றுப் பகுதி மேல் அலுமினியக் கட்டி, பயோஸ் பொத்தான், திரைக்கு நேரடி வெளியீடு. புரொசசருக்குள்ளேயே சின்னக் கிராபிக்ஸ் இருப்பதால், நாளைக்குக் கார்ட் போனாலும் அன்றைய வரைபடத்தை அனுப்பி முடித்துவிடலாம். மிச்சம் பிடித்த காசு யூ.பி.எஸ்.ஸுக்கும் எர்த் வேலைக்கும் சரியாகப் போனது. யூ.பி.எஸ். பற்றரி மூன்று வருடம் அளவில் மாற்ற வேண்டிவரும். அந்தக் காசை இப்போதிருந்தே மாதாமாதம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.