ஏபி ஆங்கிலம்: லாங்வேஜா, லிட்ரேச்சரா? ஒன்று போதும்!

ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி வந்தால் கர்நாடகம். சிப்காட் தொழிற்சாலைகளிலும் எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களிலும் வேலை பார்க்கும் பெற்றோரில் சிலர், பிள்ளைகளை பிளஸ் டூ முடித்ததுமே அமெரிக்காவுக்கு அனுப்ப யோசிக்கிறார்கள். அப்போது வரும் கேள்விதான் இது: “ஏபி-யில ரெண்டு இங்கிலீஷ் இருக்கே, எதை எழுதுறது?”

ஏபி என்றால் என்ன?

‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ என்பதன் சுருக்கம். அமெரிக்காவின் காலேஜ் போர்டு மே மாதத்தில் நடத்தும் தேர்வு. மதிப்பெண் 1 முதல் 5 வரை. பள்ளியிலேயே இதை எழுதி 3, 4 அல்லது 5 வாங்கினால், பல அமெரிக்கக் கல்லூரிகள் முதலாண்டுப் பாடத்துக்கான ‘கிரெடிட்’ தருகின்றன. அந்தப் பாடத்தை மறுபடியும் பணம் கட்டிப் படிக்க வேண்டியதில்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டிலும் கொள்குறி வினாக்களுக்கு 45 சதவீதம், மூன்று கட்டுரைகளுக்கு 55 சதவீதம். வித்தியாசம் கட்டுரையில்தான். லாங்வேஜ் தேர்வில், கொடுக்கப்படும் ஆதாரங்களைத் தொகுத்து வாதிட வேண்டும்; ஒரு எழுத்தாளர் வாசகரை எப்படி இணங்க வைக்கிறார் என்று அலச வேண்டும்; சொந்தக் கருத்தை நிறுவ வேண்டும். லிட்ரேச்சரில் கவிதை ஒன்று, கதைப் பகுதி ஒன்று. மூன்றாவது கட்டுரை, மாணவர் முன்பே முழுதாகப் படித்த நாவல் அல்லது நாடகம் பற்றியது. புத்தகம் படிக்காமல் அதைச் சமாளிக்க முடியாது.

ரெண்டையும் எழுதினால்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஜார்ஜியா டெக், இரண்டில் எதில் 4 அல்லது 5 வாங்கினாலும் ஒரே ஆங்கிலப் பாடத்துக்குத்தான் கிரெடிட் தருகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் இரண்டு தேர்வுக்கும் சேர்த்து ஒரே உச்சவரம்பு வைத்திருக்கிறது. இரண்டாவது தேர்வுக்கான கட்டணமும் உழைப்பும், கிரெடிட் கணக்கில் வீண்தான்.

அப்படியானால் எது?

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, தெருவில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள் ஓசூரில் ஏராளம். பொறியியல் படிக்கப் போகிற, ஆங்கில நாவல் அதிகம் தொடாத பிள்ளைக்கு லாங்வேஜ்தான் சரி. ஆதாரத்தை எடைபோட்டு வாதிடும் பழக்கம் ஆய்வறிக்கை எழுதவும் கைகொடுக்கும். ஆனால், கதையும் கவிதையும் விரும்பிப் படிக்கிற பிள்ளையிடம் “இன்ஜினீயருக்கு எதுக்கு லிட்ரேச்சர்?” என்று தடுப்பது தப்பு. கிரெடிட் ஒன்றுதான் என்றால், பிடித்ததை எழுதட்டுமே.

கவனிக்க வேண்டியவை

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு பார்ப்பது பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைத்தான். அங்கே ஏபி-க்கு இடமில்லை. வெளிநாடு போவது முடிவாகாத நிலையில், பொதுத்தேர்வு ஆண்டில் இந்தச் சுமையை ஏற்ற வேண்டாம். படிக்கும் பள்ளியில் ஏபி இல்லாவிட்டால், வெளி மாணவர்களை ஏற்கும் மையத்தை முந்தைய ஆண்டிலேயே தேட வேண்டும். ஓசூர்க்காரர்களுக்கு அது பெரும்பாலும் பெங்களூருதான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை எதை எழுதியது என்று கேட்பதைவிட, சேரப்போகும் கல்லூரியின் கிரெடிட் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. பணம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அதுதான்.