சுவருக்குப் பின்னால் ஒரு சுவர்

கடந்த வாரம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். குளியலறையைத் திருத்துகிறாராம். குளியல் தொட்டியைச் சுற்றியுள்ள சுவருக்கு எந்த நிற ரைல்ஸ் பொருந்தும் என்பது அவரது கேள்வி. வாழ்நாளின் பெரும்பகுதியைப் பத்திரிகை அலுவலகங்களில் கழித்த என்னிடம் இதைக் கேட்கக் காரணம் உண்டு. இவ்விடயத்தில் நான் பட்டுத் தெளிந்தவன் என்பதை அவர் அறிவார்.

2018 ஆம் ஆண்டில் வெள்ளவத்தையிலுள்ள எங்கள் தொடர்மாடி வீட்டின் குளியலறையைப் புதுப்பித்தோம். நானும் மனைவியும் கடை கடையாக ஏறி இறங்கி, பளபளக்கும் வெளிநாட்டு ரைல்ஸைத் தெரிவு செய்தோம். மேசன் பழைய பூச்சைக் கொத்தி அகற்றி, புதிய சீமெந்துப் பூச்சின் மேல் நேரடியாக ரைல்ஸை ஒட்டத் தொடங்கினார். "நீர் கசியாமல் இருக்க ஏதாவது பூச வேண்டாமா?" என்று கேட்டேன். "ரைல்ஸ் ஒட்டின பிறகு தண்ணி எங்க ஐயா போகப் போகுது?" என்றார். செலவு மிச்சம் என எண்ணி நானும் அடங்கிவிட்டேன். கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டவன், இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தவறினேன்.

2021 இல் ஒருநாள் கீழ்மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை கதவைத் தட்டினார். எண்பது வயதைத் தாண்டியவர். "தம்பி, கோவிக்காதையுங்கோ. எங்கட சீலிங்கில ஈரம் ஊறுது. ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார். போய்ப் பார்த்தேன். ஈரம் அவரது குளியலறையைத் தாண்டி, படுக்கையறைச் சுவரில் மாட்டியிருந்த அவரது காலஞ்சென்ற கணவரின் படம் வரை இறங்கியிருந்தது. படத்தின் ஓரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் கூறியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சுவரை உடைத்தபோதுதான் உண்மை விளங்கியது. ரைல்ஸின் மெருகிட்ட முகம் நீரை விடாது என்பது சரியே. ஆனால், இரண்டு ரைல்ஸுக்கு இடையிலுள்ள சீமெந்துப் பொருத்து நீரை உறிஞ்சும். அதைவிடப் பலவீனமான இடம், தொட்டியின் விளிம்பு சுவரைச் சந்திக்கும் கோடு. நீரும் ஆளும் ஏறியதும் தொட்டி மயிரிழையளவு கீழே தாழும். இறுகிய சீமெந்து அந்த அசைவைத் தாங்காது வெடிக்கும். ஒவ்வொரு குளிப்பிலும் சிறிதளவு நீர் உள்ளே போகும். எங்கள் வீட்டில் அது மூன்று ஆண்டுகள் சத்தமின்றிப் போய்க்கொண்டிருந்தது.

தண்டனை அத்துடன் முடியவில்லை. அந்நியச் செலாவணி நெருக்கடியினால் 2020 இல் விதிக்கப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் ரைல்ஸும் அகப்பட்டிருந்தது. அதே ரைல்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. மேலதிகமாக ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தால், சுவர் முழுவதையும் மாற்ற நேர்ந்திராது.

ஆகவே என் கருத்து இதுதான்: சுவரின் அழகுக்குப் பணம் ஒதுக்குமுன், அதற்குப் பின்னாலுள்ள காப்புக்கு ஒதுக்குங்கள். தொட்டி விளிம்பிலிருந்து ஷவருக்கு மேல் அரையடி வரை, இரண்டு தடவை நீர்த்தடுப்புப் பூச்சுப் பூசப்பட வேண்டும். மூலைகளில் அதற்கான நாடாவைப் பதிக்க வேண்டும். தொட்டியும் சுவரும் சேரும் இடத்தில் சீமெந்து கூடாது. சிலிக்கன் பசையே வேண்டும். அதையும் தொட்டியில் நீரை நிரப்பி, அது தாழ்ந்த நிலையில் இருக்கும்போதே இட வேண்டும்.

இதன் பிறகே மேற்பரப்பைப் பற்றிய பேச்சு. பெரிய ரைல்ஸானால் பொருத்துகள் குறையும். ஆனால் சுவர் நேராக இருக்க வேண்டும். இயற்கை மாபிள் கண்ணுக்கு அழகு. தேசிக்காய்ப் புளிகூட அதன் மெருகைக் கெடுக்கும். பிளாஸ்டிக் பலகைகளைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. விளிம்புகளை ஒழுங்காக அடைத்தால் அவையும் நன்றாக உழைக்கும்.

யாழ்ப்பாணத்தில் வீடு திருத்தும் புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு சொல். அங்கு கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறையிலிருந்து வருவது. கறுப்பு நிறப் பளபளப்பு ரைல்ஸில் அதன் வெண்படிவு அப்படியே தெரியும். அதைப் போக்க அசிட் ஊற்றித் தேய்ப்பார்கள். அசிட் பொருத்துச் சீமெந்தை அரிக்கும். பின்னர் நீர் உள்ளே போகும். வெளிர் நிறம் அங்கு அழகுக்காக மட்டுமன்று.

கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழ்வோரின் கவனத்துக்கு இன்னொன்று. உங்கள் வீடுகள் பலவற்றில் உட்சுவர் கல் அன்று. மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. சாதாரண ஜிப்சம் பலகை நீர்பட்டால் ஊறி உதிரும். தொட்டியைச் சுற்றிச் சீமெந்துப் பலகையைப் பொருத்தச் சொல்லுங்கள். ரைல்ஸ் ஒட்டுமுன் பார்த்துவிடுங்கள். ஒட்டிய பின் யாராலும் பார்க்க முடியாது.

பத்திரிகையில் ஒப்புநோக்குநரின் பெயர் அச்சாவதில்லை. அவர் தன் வேலையைச் செய்யாத நாளில் ஊர் சிரிக்கும். குளியலறைச் சுவரும் அப்படித்தான். எங்கள் சுவரில் அவர் இல்லை. அந்தத் தவறின் விலையை முதலில் கொடுத்தவர் கீழ்மாடி ரீச்சர். அவரது கூரையையும் சுவரையும் என் செலவில் திருத்திக் கொடுத்தேன். படத்தைத் துடைத்து மீண்டும் மாட்டியிருக்கிறார். ஓரத்துக் கறை மட்டும் போகவில்லை.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட நண்பர், "அது சரி, நிறம்?" என்றார்.

வீட்டுக்காரியைக் கேளுங்கள் என்றேன்.