வேம்பா, கொட்டம்பாவா? நமது பாடசாலை முற்றத்துக்கு எது?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதியையாவது வாசியுங்கள், அதில் உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

ஜூன் 5 சுற்றாடல் தினத்தன்று நமது பாடசாலையில் 25 மரக்கன்றுகள் நட்டோம். படங்களைப் பார்த்து நிறையப் பேர் மாஷா அல்லாஹ் என்று எழுதியிருந்தீர்கள். நேற்று இடைவேளையில் போய் எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான் உயிரோடு இருக்கின்றன. அந்த ஒன்பதிலும் பாதி ஓகஸ்ட் விடுமுறையைத் தாண்டாது.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். புதிய மாடிக் கட்டடத்துக்காக வெட்டிய பழைய வேம்புக்குப் பதிலாக, அந்தக் கட்டடத்தின் முன்னால் வரிசையாகக் கொட்டம்பா நடுவதென்று பேச்சு அடிபடுகிறது. பழைய மாணவர்கள் சிலர் செலவைப் பொறுப்பேற்கவும் முன்வந்திருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. ஆனால் அந்த இடத்துக்குக் கொட்டம்பா வேண்டாம் என்பதுதான் என்னுடைய கருத்து. கூட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச விடமாட்டார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

கொட்டம்பா கெட்ட மரம் என்று நான் சொல்லவில்லை. வாதுமை என்று சொன்னாலும் அதே மரம்தான். கடற்கரை ஊருக்கென்றே படைக்கப்பட்டது போன்றது. உப்புக்காற்று அடித்தாலும் இலை கருகாது, வெறும் மணலிலும் நிற்கும். காய் தண்ணீரில் மிதந்து போய் இன்னொரு கரையில் முளைக்கும். கிளைகள் தட்டுத் தட்டாக, குடை விரித்த மாதிரிப் பரவும். சீக்கிரம் வளரும். என் வீட்டு வேலியோரத்தில் வைத்தது நான்காவது வருடத்தில் ஒரு கதிரை போட்டு உட்காருமளவுக்கு நிழல் தந்தது. அதே வருடம் வைத்த வேம்பு அப்போது என் தோள் உயரம் தாண்டி மெலிந்துபோய் நின்றது. சின்ன வயதில் கல்லால் கொட்டையை உடைத்துப் பருப்புத் தின்னாதவர் இந்த ஊரில் யார்? விரலையும் சேர்த்து உடைத்தவர்களும் இருக்கிறோம்.

பிரச்சினை, அது எங்கே நிற்கப் போகிறது என்பதில்தான்.

கொட்டம்பா பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு தடவை இலை கொட்டும். ஒவ்வொரு இலையும் ஒரு சாண் நீளம். சிவந்து விழும்போது பார்க்க அழகுதான். ஆனால் கட்டடத்தோடு ஒட்டி நின்றால் அந்த இலை கூரையில் விழும், பீலியில் அடைக்கும், மாரி தொடங்கியதும் பீலியில் தண்ணீர் கட்டும். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து டெங்குக் குடம்பியைக் காட்டி அதிபரிடம் விளக்கம் கேட்பார். மாடிக் கட்டடத்தின் பீலிக்கு ஏணி வைத்து ஏறப் போவது யார்? ஆசிரியர்களா, பிள்ளைகளா? அதன் வேரும் மேலாக ஓடும் வேர். சில வருடங்களில் நடைபாதைக் கொங்கிறீட்டைத் தூக்கிவிடும். காய்க்கும் காலத்தில் பையன்கள் கல்லெறிவார்கள், கட்டடம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். வௌவால் வேறு இரவில் வந்து சப்பித் துப்பிவிட்டுப் போகும்.

வேம்புக்கு வருவோம். அதுவும் வருடத் தொடக்கத்தில் இலை உதிர்க்கும். ஆனால் சின்ன இலை, காற்றோடு போய்விடும். சில நாட்களிலேயே செந்தளிர் வந்து, வெயில் ஏறும்போது மரம் மறுபடி மூடிவிடும். நமக்கு நிழல் தேவைப்படுவது எப்போது? மார்ச்சிலிருந்து செப்டெம்பர் வரை, காலை பத்து மணிக்குப் பிறகு. 2024 இல் வெயில் கூடியபோது பிள்ளைகளை வெளியில் அதிகம் விடாமல் கவனமாக இருக்கும்படி கல்வி அமைச்சே அறிவுறுத்தியது ஞாபகமிருக்கும். அறிவுறுத்தல் நல்லதுதான். ஆனால் உடற்கல்விப் பாடத்தை எங்கே வைத்து நடத்துவது? அந்த வேம்பு இருந்தபோது அதன் கீழ் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் உட்காருவார்கள். இப்போது அந்த இடத்தில் வெறும் மணல் கொதிக்கிறது.

வேம்பின் வேர் ஆழமாக இறங்கும். மூன்று வருடம் காப்பாற்றிவிட்டால் பிறகு அதற்கு நம்முடைய தண்ணீர் தேவையில்லை. வயல்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: நெல் மூட்டைக்குள் பூச்சி விழாமல் இலை போடுவது, வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துக் கத்தரிக்குத் தெளிப்பது, பிண்ணாக்கை எருவாகப் போடுவது எல்லாம் அவர்கள் அறிந்ததே. பலகை கறையானுக்கு லேசில் அசையாது. எங்களுக்குக் கொப்புளிப்பான் வந்தபோது உம்மா வேப்பிலையைத்தான் பாயில் பரப்பினார்.

அதற்கும் பலவீனம் உண்டு, மறைக்கக் கூடாது. தண்ணீர் தேங்கினால் வேம்பு தாங்காது. மாரியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்குமே, மலசலகூடத்துக்குப் பின்னாலுள்ள அந்த மூலை, அங்கே வைத்தால் வேர் அழுகிச் செத்துவிடும். அந்த இடத்துக்கு மருதுதான் சரி. ஆற்றோரத்து மரம், கொட்டம்பாவுக்குச் சொந்தக்காரர்தான். சாய்ந்தமருது என்று ஊர்ப் பெயரிலேயே வைத்திருக்கிறோம், முற்றத்தில் வைக்க மட்டும் மறந்துவிட்டோம். கடலைப் பார்த்த மைதான வேலியோரத்தில், கட்டடத்திலிருந்து தள்ளி, நாலைந்து கொட்டம்பா தாராளமாக வைக்கலாம். உப்புக்காற்றை அது முதலில் வாங்கிக்கொள்ளும். ஒன்றுக்கொன்று முப்பது அடியாவது இடைவெளி விடுங்கள்.

இனி, கொஞ்சம் சங்கடமான ஒரு விடயம். சென்ற கூட்டத்தில் ஒரு சகோதரர், பாதி பகிடியாகத்தான், "வேம்பு கோயில் மரமெல்லா சேர், நமக்கு எதற்கு?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார்கள். அதுதான் எனக்குக் கவலை. பக்கத்து ஊர்த் தமிழ் உறவுகள் வேம்பை அம்மனோடு சேர்த்து மதிக்கிறார்கள். அது அவர்களின் நம்பிக்கை. அதனால் மரம் நமக்கு ஆகாததாகிவிடுமா? ஹஜ்ஜுக்குப் போய் வந்த ஹாஜியார்மாரிடம் கேளுங்கள், அரபாவில் எந்த மரத்தின் கீழ் ஒதுங்கினீர்கள் என்று. ஹாஜிகளின் நிழலுக்காக அந்த வெளியில் ஐம்பதாயிரம் அளவில் நடப்பட்டவை வேம்புகள்தான். அந்தப் பாலையில் தாக்குப்பிடிக்கும் மரம் என்று தேர்ந்தெடுத்து, தண்ணீர் பாய்ச்சி வளர்த்தார்கள். அரபாவில் ஆகும் மரம் நமது முற்றத்தில் ஆகாதா?

மரம் நடுவதன் நன்மை பற்றிய ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். நான் கேட்பது வேறு. ஏன் ஒவ்வொரு வருடமும் நட்டு, ஒவ்வொரு வருடமும் சாகடிக்கிறோம்?

ஜூன் 5 கொழும்புக்கு மழைக்காலம். நமக்கு அது கச்சான் காற்று வீசிக் கிணறு வற்றும் காலம். தெற்கில் அன்று நட்ட கன்றுக்கு வானமே தண்ணீர் ஊற்றும். இங்கே அதே நாளில் அதே கன்றை நட்டுவிட்டு, கைகழுவிப் படமெடுத்துவிட்டுப் போய்விடுகிறோம். நமக்கு நடுகைக் காலம் ஒக்டோபர் கடைசி, நவம்பர் முதல் கிழமை. மாரி முழுக்க வேர் இறங்க அவகாசம் கிடைக்கும். அதற்குப் பிறகுதான் ஆபத்து. இப்போதெல்லாம் மழை விட்ட கையோடு ரமழான் விடுமுறை வந்துவிடுகிறது, ஒரு மாதம் பாடசாலைக் கதவு பூட்டு. அந்த ஒரு மாதத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் பார்க்காமல் எந்த மரத்தைப் பற்றியும் விவாதிப்பது வீண். கன்றைச் சுற்றி உரிமட்டையைக் கவிழ்த்துப் புதைத்தால் ஈரம் நிற்கும். ஆடு புகாமல் கூடு கட்ட வேண்டும். வேப்பங்கொழுந்து கசக்கும் என்று நமதூர் ஆடுகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை நான் கேட்கப் போவது இதுதான். கட்டடத்துக்கு மேற்குப் பக்கம், பிற்பகல் வெயில் அடிக்கும் பக்கம், ஆறு வேம்பு. கன்று வாங்கத் தேவையில்லை. அந்தக் காசில் கூடு கட்டுவோம். மிச்சத்தை, ரமழானிலும் ஓகஸ்டிலும் தண்ணீர் ஊற்றும் ஒருவருக்குக் கூலியாக மூன்று வருடத்துக்கு ஒதுக்கி வைப்போம்.

உங்களுக்கான வேலை: வேப்பம்பழம் விழும் காலம் இது. முற்றத்தில் வேம்புள்ளவர்கள் பழத்தைக் கூட்டிக் குப்பையில் போடாதீர்கள். நல்ல பழுத்த பழமாக ஒரு பையளவு எடுத்து வையுங்கள். வேப்பங்கொட்டை வைத்திருக்கும் பொருளல்ல, இரண்டு மூன்று கிழமையில் முளைக்கும் சக்தி போய்விடும், அதனால் உடனே தகவல் தாருங்கள். எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள் சனிக்கிழமை காலை வீடு வீடாக வருவார்கள். வெற்றுப் பால்மா பைகளும் இருந்தால் கொடுத்துவிடுங்கள், கன்று போட வேண்டும்.