விற்றுக் கொடுத்தவர்கள் நாமே

பொதுசனத் தொடர்பு பற்றி எழுதப் புகுவோர், எட்வேர்ட் பேர்னேய்ஸை அத்துறையின் தந்தை என்று வணங்கிவிட்டே தொடங்குகின்றனர். பத்திரிகைத் தொழிலில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் இந்தப் பட்டத்தை நான் ஏற்க மறுக்கிறேன். அவர் பெற்ற பிள்ளை எதுவாயினும், அதைத் தோளிற் சுமந்து ஊர்வலம் போனவர்கள் பத்திரிகையாளராகிய நாமே.

1919இல் நியூயோர்க்கில் அவர் தொடக்கியது ஒரு சிறிய ஆலோசனை அலுவலகம். சிக்மண்ட் பிராய்டின் சகோதரி மகன் என்ற உறவை அவர் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். அங்கு ஆரம்பம் முதலே எழுத்துவேலையைச் சுமந்த டொரிஸ் பிளைஷ்மன், நியூயோர்க் ரிபியூன் பத்திரிகையிலிருந்து வந்தவர். 1922இல் பேர்னேய்ஸை மணந்த பின்னரும் தம் பிறந்த வீட்டுப் பெயரைக் கைவிடாதவர். ஆயினும் நிறுவனத்தின் பெயரில் இருந்தது கணவர் பெயர் மட்டுமே. விற்பனைக்கு ஒரு முகம் போதும் அல்லவா?

1929 மார்ச் 31, உயிர்த்த ஞாயிறு. நியூயோர்க்கின் ஐந்தாம் அவெனியூவில் சில இளம்பெண்கள் பகிரங்கமாகச் சிகரெட் புகைத்தபடி நடந்தனர். பெண் விடுதலையின் தீப்பந்தங்கள் என்று அதற்கு விளக்கமும் தரப்பட்டது. மறுநாள் நியூயோர்க் டைம்ஸ் அதைச் செய்தியாக்கியது. (அன்று ஏப்ரல் முதலாந் திகதி!) முன்னின்று பேசிய பெண் பேர்னேய்ஸின் காரியதரிசி என்பதோ, அவருக்குப் படியளந்தது லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டின் உரிமையாளரான அமெரிக்கன் டொபாக்கோ கம்பனி என்பதோ செய்தியில் இல்லை. யார் அனுப்பினார்கள் என்று ஒரு நிருபர் துருவியிருந்தால் நாடகம் அங்கேயே கலைந்திருக்கும்.

கல்லெறிய எனக்கும் தகுதி குறைவு. ஆட்பற்றாக்குறையான இரவுகளில், கம்பனிகளின் செய்திக்குறிப்புகளில் முதற்பந்தியை மட்டும் மாற்றி, "எமது நிருபர்" என்று போட்டு அச்சுக்கு அனுப்பியவன் நான். பக்கம் நிரம்பவேண்டுமே.

அந்த ஒரே நாளில் அமெரிக்கப் பெண்கள் புகைக்கக் கற்றுக்கொண்டார்கள் என்ற கதை இன்றும் உலவுகிறது. உண்மையில் அதற்கு முன்பே அவர்களிடையே புகைத்தல் பரவிக்கொண்டிருந்தது. ஊர்வலத்தின் மகிமையைப் பெருக்கிச் சொன்னவர்களில் முதன்மையானவர் பேர்னேய்ஸ்தான். 1965இல் வெளியான தன்வரலாற்றிலும் அதை விரித்து எழுதினார். 2002இல் பிபிசி ஒளிபரப்பிய "சுயத்தின் நூற்றாண்டு" போன்ற கண்டனத் தொடர்கள்கூட அவரை மனித மனங்களை ஆட்டிவைத்த மந்திரவாதியாகவே காட்டின. ஓர் ஆலோசகருக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறென்ன வேண்டும்? தூற்றுபவர்களும் அவர் எழுதிக்கொடுத்ததையே வாசிக்கின்றனர்.

சிகரெட் கதையையாவது சிரித்துக் கடக்கலாம். குவாத்தமாலாவை அவ்வாறு கடக்க முடியாது. வாழைப்பழ வணிகத்தில் கோலோச்சிய யுனைட்டட் புரூட் கம்பனிக்காக, 1952இல் அமெரிக்கப் பத்திரிகை அதிபர்களையும் ஆசிரியர்களையும் அவர் அங்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தார். செலவு கம்பனியுடையது. கம்யூனிச அபாயம் என்ற கூச்சல் பத்திரிகைகளில் வலுத்தது. தேர்தலில் வென்ற ஜனாதிபதி ஆர்பென்ஸ் 1954இல் சீ.ஐ.ஏ.யின் துணையோடு வீழ்த்தப்பட்டார். 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் மாண்டோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ 2 இலட்சம் பேர். இத்தனைக்கும் பேர்னேய்ஸ் ஒருவரே காரணம் என்பேனாயின், நானும் அவருக்கு விளம்பரம் செய்பவனாவேன். அந்தப் பயணத்தில் விருந்துண்டு திரும்பியவர்கள் நம் தொழிலைச் சேர்ந்தவர்கள்.

1995 மார்ச்சில், 103 வயதில் அவர் மறைந்தார். "பொதுசனத் தொடர்பின் தந்தை" என்று மரணச் செய்தியின் தலைப்பிலேயே பட்டம் சூட்டியது, அதே நியூயோர்க் டைம்ஸ்.