சாயங்கால அழுகைக்குச் சொட்டு மருந்தா?

விளக்கு வைக்கிற நேரம் வந்தால் போதும், சில கைக்குழந்தைகள் வீல் வீலென்று கத்த ஆரம்பித்துவிடும். காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவக்க அழும். ‘பால் போதலை’, ‘நீ தின்னது ஒத்துக்கலை’ என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். பெற்றவளுக்கும் அழுகை வந்துவிடும்.

இதை டாக்டர்கள் ‘காலிக்’ என்கிறார்கள். பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் ஆரம்பித்து, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கிவிடும். தாய்மீது குற்றமே இல்லை.

இப்போது இதற்கு ‘புரோபயாடிக்’ சொட்டு மருந்து வந்திருக்கிறது. குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள கிருமிகள்தான் அவை. இவற்றில் ‘லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி’ என்ற வகையைத்தான் அதிகம் சோதித்திருக்கிறார்கள். இத்தாலியில் 2007-ல் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்ததில், 28-ஆம் நாள் அழுகை சுமார் 51 நிமிஷமாகக் குறைந்ததாம். வழக்கமான வாயு மருந்து கொடுத்த குழந்தைகளோ 145 நிமிஷம் அழுதன. ஆனால் ஆஸ்திரேலியாவில் 2014-ல் புட்டிப்பால் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2018-ல் சொன்னது இதுதான்: தாய்ப்பால் குழந்தைக்குப் பலன் உண்டு, புட்டிப்பால் குழந்தைக்கு நிச்சயமாகச் சொல்வதற்கில்லை.

ஆகவே பக்கத்து வீட்டில் கொடுத்தார்களே என்று நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. டாக்டரைக் கேட்டு, அவர் சொல்லும் வகையை, சொல்லும் அளவில் கொடுங்கள். ஒரே நாளில் அழுகை நின்றுவிடாது. குறைமாதக் குழந்தைக்கு இன்னும் ஜாக்கிரதை வேண்டும். இந்தக் கிருமிகளாலேயே அவற்றுக்கு ஆபத்து வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் எச்சரித்திருக்கிறது.

‘தயிரிலும் நல்ல கிருமிதானே, நாக்கில் ஒரு சொட்டு மோர் வைத்தால் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம்! ஆறு மாதம் வரை தாய்ப்பாலே ஆகாரம். வசம்பு உரைத்துக் கொடுப்பதும் வேண்டாம்.

பால் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் விட வையுங்கள். தூளியில் மெதுவாக ஆட்டுங்கள். உங்களுக்கு முடியவில்லையா? குழந்தையை மாமியாரிடமோ கணவரிடமோ கொடுத்துவிட்டுச் சற்று உட்காருங்கள். எரிச்சலில் குழந்தையைப் பிடித்து உலுக்கவே கூடாது, மூளைக்கு ஆபத்து.

காய்ச்சல், பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது – இதில் ஒன்று தெரிந்தாலும் காலிக் என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.