ஒரே தெருவில் மூன்று பேர் என்றால் கார்டு போடுங்கள்

டெங்குவுக்குக் கார்டு டெஸ்ட் இருக்கிறது, கொரோனாவுக்கும் இருந்தது. வயிற்றுப்போக்குக்கு மட்டும் எங்கள் தண்டையார்பேட்டையில் இன்னும் மாத்திரைதான் டெஸ்ட். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஓஃப்ளாக்சசின் கலந்த மாத்திரை கைக்கு வரும். நின்றால் சரி, நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. வைரஸுக்கு அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது என்று அங்கே யார் சொல்வது?

டி.எச். ரோட்டுப் பக்கம் சின்ன லேப் வைத்திருக்கிறேன். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான கார்டு பெரிய வித்தை இல்லை. பட்டாணி அளவு மலத்தைக் கரைசலில் போட்டுக் குலுக்கி, சில சொட்டு விட்டால் கால் மணி, இருபது நிமிடத்தில் கோடு விழும். ஆனால் குழந்தைக்குச் சொட்டு மருந்து எப்போது கொடுத்தார்கள் என்று தாயிடம் கேட்காமல் நான் கார்டைப் பிரிப்பதில்லை. 2017 முதல் தமிழ்நாட்டில் தரப்படும் ரோட்டா மருந்திலும் வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ்தான் இருக்கிறது. கொடுத்த சில நாட்களுக்கு அதுவே மலத்தில் இறங்கிக் கோடு காட்டிவிடும்.

"எந்த வைரஸானால் என்னம்மா, ஓ.ஆர்.எஸ்.ஸும் ஜிங்க்கும்தானே கொடுக்கப் போகிறோம்?" என்பார்கள் டாக்டர்கள். அந்தக் குழந்தைக்கு அது போதும். தெருவுக்குப் போதாது. காலரா என்றால் அன்றைக்கே குடிநீர்க் குழாயில் சாக்கடை கலக்கிறதா என்று தோண்டிப் பார்க்க வேண்டும், லாரித் தண்ணீர் விட வேண்டும். ரோட்டா என்றால் அங்கன்வாடியில் எந்தப் பிள்ளைக்குச் சொட்டு மருந்து விட்டுப்போனது என்று பார்க்க வேண்டும். நோரோ வைரஸ் என்றால் கொரோனா காலத்து சானிடைசரை நம்பிப் பயனில்லை. சோப்பும் தண்ணீரும், வாந்தி எடுத்த இடத்துக்கு பிளீச்சிங் கரைசலும்தான்.

கார்டு எதைத் தேடுகிறதோ அதைத்தான் காட்டும். 1992 கடைசியில் இதே சென்னையில் தலைகாட்டிய புது காலரா கிருமி, அதுவரை இருந்த ஓ1 வகைக்கான ஆன்டிசீரத்துக்குப் பிடிபடவில்லை. பிறகுதான் அதற்கு ஓ139 என்று பெயர் வைத்தார்கள். இன்றைய காலரா ஸ்ட்ரிப் இரண்டையும் தேடுகிறது. ஆனாலும் அது சந்தேகத்தை எழுப்புவதோடு சரி, கல்ச்சர்தான் உறுதி. நோரோ கார்டு இன்னும் மோசம், நிறைய தவறவிடும். அதில் நெகட்டிவ் வந்தால் நிம்மதி அடையாதீர்கள், மாதிரியை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு அனுப்புங்கள்.

அதனால் வருகிற எல்லாருக்கும் கார்டு போடச் சொல்லவில்லை. அது காசுக்குக் கேடு. நேதாஜி நகரின் ஒரே தெருவிலிருந்து இரண்டு நாளில் மூன்று பேர் வந்தால், மூன்று பேருக்கும் போடுங்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் ரோட்டாவுக்கு ஒரு பெட்டி, காலராவுக்கு ஒரு பெட்டி இருக்கட்டும். 2022 ஜூலையில் காரைக்காலில் காலராவுக்காக சுகாதார அவசரநிலையே அறிவிக்க வேண்டி வந்தது. கல்ச்சர் முடிவுக்கு இரண்டு மூன்று நாள் காத்திருக்கிற நேரமெல்லாம் சாக்கடை கலந்த குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும்.

கோடு விழுந்ததும் ரிசல்ட் ரிஜிஸ்டரில் ஏறுவதற்கு முன் இரண்டு போன் போக வேண்டும்: ஒன்று வார்டு சுகாதார ஆய்வாளருக்கு, இன்னொன்று குடிநீர் வாரியத்தின் ஏரியா என்ஜினீயருக்கு. அந்த இரண்டு நம்பரையும் லேப் சுவரில் ஒட்டி வையுங்கள்.