வாயிலில் நிற்பவர்

கலாசாலையொன்றிற்குப் புதிய தலைவர் வந்தாரெனின் ஊர் முழுதும் பேசும். புதிய பேராசிரியர் வந்தாரெனின் மாணாக்கரேனும் பேசுவர். மாணாக்கரைத் தெரிந்தெடுக்கும் சேர்க்கை அலுவலகத்திற்குப் புதியவர் ஒருவர் வந்தாரென்னுஞ் செய்தியோ பெரும்பாலும் எவர் செவியிலும் விழுவதில்லை. ஆயினும் இருபதாண்டு கழித்து அக்கலாசாலையின் பெயர் எவ்விதம் வழங்குமென்பது இவர் கையிலேயே பெரிதும் இருக்கின்றதென்பது நமது துணிபு. அமெரிக்க தேசத்துச் சர்வகலாசாலைகள் இரண்டு இதற்குச் சான்று.

முதலாவது யேல். 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராயிருந்த எலிஹு யேல் என்பார் 1718-ஆம் ஆண்டில் ஈந்த சரக்கு மூட்டைகளையும் புத்தகங்களையும் பெற்று, அவர் பெயரையே சூடிக்கொண்ட கலாசாலையாதலின், அது நமக்கு முற்றிலும் அந்நியமன்று. 1965-ஆம் ஆண்டில் அதன் தலைவரான கிங்மன் புரூஸ்டர், இன்ஸ்லி கிளார்க் என்னும் முப்பது வயதளவினரான இளைஞரைச் சேர்க்கைத் தலைவராக நியமித்தார். அதுகாறும் அங்கே இடம் பெறுவது, செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் சில தனிப் பள்ளிகளுக்கும் பழைய மாணவரின் புதல்வர்க்கும் ஏறக்குறையப் பிதிரார்ச்சிதம் போலவே இருந்துவந்தது. கிளார்க் தம் அலுவலரை அதுவரை யேல் பொருட்படுத்தாதிருந்த நகரப் பொதுப் பள்ளிகளுக்கு அனுப்பினார். 1966-ல் சேர்ந்த வகுப்பில் நூற்றுக்கு 58 பேர் பொதுப் பள்ளிகளிலிருந்து வந்தோராயினர். தகப்பனின் பணப்பையைப் பாராமல் பிள்ளையின் தகுதியையே பார்ப்பது என்னுங் கொள்கையும் அவ்வாண்டிலேயே மேற்கொள்ளப்பட்டது.

பழைய மாணவர் பலர் கொதித்தெழுந்தனர். தரம் குன்றிற்று, பெயர் போயிற்று என்று முறையிட்டனர். வில்லியம் பக்லி என்னும் பத்திராசிரியர் 1968-ல் இக்குறையையே முன்வைத்து நிருவாக சபைத் தேர்தலில் நின்று தோற்றார். நடந்ததென்னவோ வேறு. அவர்கள் இகழ்ந்த அந்த வகுப்பே, பிரவேசப் பரீட்சை மதிப்பெண்ணில், அதுவரை யேல் கண்ட வகுப்புகளனைத்தினும் உயர்ந்து நின்றது. கிளார்க் 1970-ல் விலகினார். அவர் திறந்த வாயில் மீண்டும் பழையபடி அடைபடவில்லை. (இதனை வாசிக்கும் நம் பழைய மாணவர்கள் எம்மேல் சினங்கொள்ள வேண்டா. தம் மகனுக்கும் தாம் படித்த கலாசாலையிலேயே இடம் வேண்டுமென்பது அன்பினால் எழும் ஆசையே. ஆனால் அவ்வன்பிற்காகத் தள்ளப்படும் பிள்ளை இன்னாரென்று நாம் ஒருபோதும் அறிவதில்லை.)

இரண்டாவது சிகாகோ. அங்கே 2009-ல் ஜேம்ஸ் நான்டார்ஃப் சேர்க்கைத் தலைவரானார். பல கலாசாலைகளுக்கும் பொதுவான விண்ணப்பப் படிவத்தை ஏற்பதென அவர் வருமுன்னரே முடிவாகியிருந்ததென்பதையும் நேர்மைக்காகச் சொல்லவேண்டும். அவர் வந்தபின் அழைப்புக் கடிதங்களும் விளம்பரத் தாள்களும் நாடெங்கும் பறந்தன. 2009-ல் 13,500 அளவினவாயிருந்த விண்ணப்பங்கள் 2013-ல் 30,000-க்கு மேலாயின. நூற்றுக்கு 27 பேருக்குக் கிட்டிய இடம் 9 பேருக்குங் கிட்டாததாயிற்று. உலகமும் வியந்தது.

நாம் அத்துணை வியக்கவில்லை. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விண்ணப்பித்தோரில் பாதிக்கு மேற்பட்டவரை அச்சர்வகலாசாலை சேர்த்துக்கொண்டபோதும் அதன் கல்வி கடுமையானதாகவே இருந்தது. அதன் பொருளாதார அறிஞர் நோபல் பரிசு பெற்றுக்கொண்டே இருந்தனர். வாயிலில் கூட்டம் பெருகினால் திரும்பிப் போவோர் தொகையும் பெருகும்; இது வெறுங் கணக்கு. இடங்கிடைக்கும் என்னும் நம்பிக்கை சிறிதுமில்லாதவரை ஆசைகாட்டி அழைத்துத் தள்ளுவதால் தொகை அழகாகும். தள்ளப்பட்ட பிள்ளைக்கோ கட்டணமும் கண்ணீருமே மிச்சம். கிளார்க் செய்த தெரிவும் தெரிவே; அது எவரைத் தெரிவது என்பதைப் பற்றியது. இது எத்தனை பேரை நீக்கினோம் என்பதைப் பற்றியது.

எனினும் 2018-ஆம் ஆண்டுச் செய்தி நம்மைச் சற்று நிறுத்துகின்றது. பிரவேசப் பரீட்சை மதிப்பெண் கட்டாயமன்று என்று சிகாகோ அவ்வாண்டில் அறிவித்தது. விண்ணப்பத்தைப் பின்னும் பெருக்கும் உபாயமே இது என்று சிலர் நகைத்தனர். இவ்வறிவிப்பு மட்டுமே வந்திருந்தால் நாமும் அவரோடு சேர்ந்திருப்போம். ஆண்டு வருமானம் 1,25,000 டாலருக்குக் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் போதனைச் சம்பளம் இல்லை என்னும் அறிவிப்பும் அதனுடனேயே வந்தமையால், நாம் நகைக்கவில்லை.